நிழல்களின் படையில் ஒரு பெண்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியர் அவர்களே, வாடகை கேட்காமல் இந்த அரங்கை நமக்குத் தந்துவரும் புரவலர் அவர்களே, படம் முடிந்த பின்னும் கலையாமல் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். என்னைப் பற்றிச் செயலாளர் சொன்னவற்றில் பாதி உண்மை. மீதி அவருடைய பெருந்தன்மை.

நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சுத் தலைமறைவு இயக்கத்தைப் பற்றி ழான்-பியேர் மெல்வில் 1969இல் எடுத்த 'நிழல்களின் படை' குறித்து மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியுள்ளேன்: அதில் பெண்கள், அதில் அயலார், அதில் ஒலி.

முக்கியப் பாத்திரங்களில் ஒரே பெண் மத்தில்த். சிமோன் சின்யோரே அவளை மிகையின்றி நடித்திருக்கிறார். திட்டம் தீட்டுபவள் அவள்; செவிலியாக மாறுவேடமிட்டுச் சிறைக்குள் நுழைபவளும் அவளே. ஆயினும் மகளின் புகைப்படத்தைக் கைப்பையில் வைத்திருந்ததே அவளுக்கு எமனாகிறது. நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ மகளை வைத்து மிரட்ட, அவள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அஞ்சித் தோழர்களே அவளைத் தெருவில் சுட்டுக் கொல்கிறார்கள். காரில் இருந்த நான்கு ஆண்களும் பின்னர் எப்படி இறந்தார்கள் என்று இறுதி எழுத்துகள் நாள் குறித்துச் சொல்கின்றன. பெண்ணுக்குத் தாய்மையே பலவீனம் என்று கதை முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனெனில் உண்மை வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. லியோன் நகரில் வரலாற்று ஆசிரியையாக இருந்த லூசி ஓப்ராக்கின் கணவர் ரேமோன், 1943 ஜூன் மாதம் தலைமறைவு இயக்கத் தலைவர் ழான் முலேனுடன் பிடிபட்டார். லூசி அப்போது கருவுற்றிருந்தார். பொய்ப் பெயரோடு கெஸ்டபோ அதிகாரிகளிடம் நேரே போனார். "இந்தக் கைதியால் நான் கர்ப்பமாகிவிட்டேன், இன்னும் மணமாகவில்லை, அவரைக் கொல்வதற்கு முன் தாலி கட்டாத குறையையாவது தீர்த்துவிடுங்கள்" என்று நம் ஊர்ப் பெண் கேட்பாளே, அந்தத் தோரணையில் கேட்டார். அனுமதியும் கிடைத்தது! கணவரைச் சந்தித்தார், தப்பிக்கும் ஏற்பாடும் உருவானது. அக்டோபர் 21 அன்று சிறைக்குத் திரும்பிய கைதி வண்டியைத் தோழர்கள் தாக்கினார்கள், ரேமோன் மீண்டார். 1944 பிப்ரவரியில் லண்டனில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இங்கே தாய்மைதான் ஆயுதம்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள். மறைந்திருந்தவர்களுக்குச் சோறு போட்டவர்களும், சைக்கிளில் செய்திப் பை சுமந்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் அந்தப் போராட்டத்துக்காகப் பிரான்ஸ் அளித்த 'விடுதலைத் தோழர்' என்ற உயரிய பட்டம் பெற்ற 1038 பேரில் பெண்கள் 6 பேர் மட்டுமே. உப்பிட்டவர்களை மறக்க அரசுகளுக்கு அதிக காலம் ஆவதில்லை.

அயலார் நிலையும் அதுவே. படத்தின் உள்வட்டத்தில் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் பிரான்சில் நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட, ஆர்மீனியரான மனூஷியானின் குழுவில் போலந்து, இத்தாலி, ருமேனியா என்று பல நாட்டார் இருந்தனர். அவர்களை இழிவுபடுத்த நாஜிகள் ஒட்டிய சிவப்புச் சுவரொட்டியில் இருந்த பத்து முகங்களும் ஆண்களுடையவை. அதே குழுவின் ஓல்கா பான்சிக், 1944 மே 10 அன்று, தம் 32ஆம் பிறந்தநாளில், ஜெர்மனியில் தலை துண்டிக்கப்பட்டார்.

ஒலியைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் வெகுநாளாக நான் வற்புறுத்தி வருவதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். போர்களைக் கண்ட முதிய பெண்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழிச் சாட்சியங்களைப் பதிவுசெய்ய நம் சங்கத்தின் ஆண்டு நிதியில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை நான் தருகிறேன். குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். விருப்பமுள்ளோர் வாசலில் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.