இரண்டு டீக்கடை, ஒரு மதகு

நேயர்களுக்கு வணக்கம். கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர் எனக்கு. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாடு எப்படி உள்நாட்டுப் போருக்குள் இறங்குகிறது என்று பிள்ளைகள் கேட்டால் எங்கள் ஊர் டீக்கடையில்தான் ஆரம்பிப்பேன்.

டீக்கடை இரண்டு. ஒன்றில் ஒரு கட்சிப் பேப்பர், மற்றதில் எதிர்க்கட்சிப் பேப்பர். இங்கே டீ குடிப்பவர் அங்கே ஏறமாட்டார். நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. மேல்மடைக்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு கடையில் பேச்சு. மதகை உடைக்க ஆள் கிளம்பிவிட்டது என்று அடுத்த கடையில் பேச்சு. பத்து மணிக்குள் இரண்டு பக்கமும் தடி சேர்ந்துவிட்டது. எங்க அப்பாரு இரண்டு கடையிலும் ஏறி ஒரே கேள்விதான் கேட்டார்: "மதகுக்குப் போய்ப் பாத்தயா அப்புனு?" ஒருத்தரும் பார்க்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். மதகு வாயில் ஒரு தென்னந்துண்டு குறுக்கே சிக்கி, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், லஸ்கர் என்போம், தனியாளாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அப்பாரு திரும்பி வந்து அதைச் சொன்னார். இரண்டு கடையிலும் சொன்னார், அதைக் கவனியுங்கள்.

இலங்கையில் அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்ததிலிருந்தே புண் இருந்தது, சரி. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தில் 13 ராணுவத்தினர் புலிகளின் தாக்குதலில் இறந்தார்கள். மறுநாள் கொழும்பு கனத்தை மயானத்தில் உடல்களுக்காகக் கூட்டம் மணிக்கணக்கில் காத்திருந்தது. உடல்கள் வரவில்லை, வதந்திதான் வந்தது. அன்றிரவே பொரளையில் தமிழர் கடைகள் எரிந்தன. யாழ்ப்பாணத்தில் ராணுவம் பொதுமக்களைச் சுட்டுக்கொன்ற செய்தி தணிக்கையில் அமுங்கிப்போனது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் வீடு வீடாக வந்தன. ஜனாதிபதி ஜெயவர்த்தனே நாட்டு மக்களிடம் பேசியது 28-ஆம் தேதி! அதிலும் அடிபட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. பவானிசாகர் அகதிகள் முகாமில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: யாராவது "நிறுத்துங்கள்" என்று சொல்வார்கள் என அந்த நான்கு நாளும் ரேடியோப் பெட்டியை விட்டு அவர் நகரவில்லையாம்.

நான் பேசுவதும் வானொலியில்தான், அதனால் ருவாண்டாவைச் சொல்லாமல் போக மனமில்லை. 1993-ல் அங்கே தொடங்கிய 'ஆயிரம் குன்றுகள்' வானொலி நல்ல பாட்டுப் போட்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசித்தான் ஆள் சேர்த்தது. அப்புறம் அங்கே சிறுபான்மையான துட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சி என்றது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது ஆட்களின் பெயரையே வாசித்துக் காட்டிக்கொடுத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய 1860 ஜனாதிபதி தேர்தலில் தென் மாநிலங்கள் பத்தில் லிங்கனுக்கு வாக்குச்சீட்டே கிடையாது. அவரை அந்த ஜனங்கள் தங்கள் ஊர்ப் பத்திரிகை வழியாகத்தான் அறிந்திருந்தார்கள். வணக்கமுங்க.