ஜெரோம் கண்ட கனவு

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். கிறிஸ்தவ விசுவாசமும் புறச்சமயக் கல்வியும் என்பது தலைப்பு. 'ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?', அதாவது கிரேக்கக் கல்விக்கும் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்று ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்ட கேள்வியைத்தான் இந்தத் தலைப்பில் எல்லோரும் எடுப்பார்கள். அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடி வாங்கியவர் ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர்.

4-ஆம் நூற்றாண்டு. வீட்டையும் உற்றாரையும் துறந்து எருசலேமுக்குப் புறப்பட்டவர் அவர். அதைவிடக் கடினம் ருசியான சாப்பாட்டை விட்டது என்று அவரே எழுதுகிறார். எல்லாம் போயிற்று, ரோமில் பாடுபட்டுச் சேர்த்த புத்தகங்கள் மட்டும் கூடவே வந்தன. உபவாசம் இருப்பார், முடிந்ததும் ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் நூல்கள். இரவெல்லாம் பாவங்களை நினைத்து அழுவார், பிறகு ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நகைச்சுவை நாடகம். பைபிளின் தீர்க்கதரிசிகளைத் திறந்தால் நடை கரடுமுரடாகத் தெரிந்தது.

தவக்காலத்தின் நடுவில் கடும் காய்ச்சல். அதில் ஒரு கனவு: கடவுளின் நியாயாசனத்தின் முன் அவரை இழுத்துப்போகிறார்கள். நீ யார்? 'கிறிஸ்தவன்.' பொய், நீ சிசெரோவின் ஆள்! சவுக்கடி விழுகிறது. இனி உலக நூல்களைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து விழித்தால், தோளெல்லாம் கன்றிப்போயிருந்ததாம். யூஸ்தோக்கியம் என்ற இளம்பெண்ணுக்கு 384 வாக்கில் இதை எழுதினார். அந்தக் கடிதத்தின் லத்தீனே சிசெரோவைப் படித்தவனின் லத்தீன்தான்!

சத்தியம் என்ன ஆயிற்று? பின்னாளில் மாக்னுஸ் என்ற பேச்சாளருக்கு எழுதும்போது பைபிளின் உபாகமம் 21-ஐ எடுக்கிறார். போரில் சிறைப்பட்ட பெண்ணை மணக்க விரும்பினால் தலையை மழித்து, நகம் களைந்து கூட்டிவா என்கிறது சட்டம். புறச்சமயக் கல்வியை அப்படித்தான் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். இந்த உவமை எனக்கு உவப்பில்லை, அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லையே. ஆனால் அவள் அழகில் மயங்கியதை அவர் மறைக்கவும் இல்லை.

பழைய நண்பர் ருஃபினுஸ் பகையானபோது எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்: பெத்லகேம் மடத்தில் சிறுவர்களுக்கு ரோமானியக் கவிஞர் வர்ஜில் பாடம் நடக்கிறது, சிசெரோவைப் படியெடுத்த துறவிகளுக்குக் கூடுதல் கூலி. ஜெரோமா சளைப்பார்? கனவில் செய்த சத்தியத்துக்கா வழக்கு, படித்ததை மறக்க லேத்தே ஆற்று நீரைக் குடிக்கவா என்று திருப்பிக் கேட்டார். அதுவும் கிரேக்கப் புராணத்து ஆறுதான்.

அதோடு இன்னொரு கனவையும் சொன்னார். தலை நரைத்து வழுக்கை விழுந்த வயதிலும், முடியைச் சுருட்டி, டோகா என்ற ரோமானிய மேலாடை உடுத்தி, ஆசிரியர் முன் பேச்சுப் பயிற்சிக்கு நிற்பதாகவே அடிக்கடி கனவு வருகிறதாம். விழித்ததும், நல்லவேளை, பேச வேண்டியதில்லை என்று நிம்மதியாகிவிடுகிறதாம்.