எலும்பே இல்லாத செடி எப்படி நிமிர்ந்து நிக்குது? தாவர செல், விலங்கு செல் ரகசியம்!

தொட்டாச்சிணுங்கிய தொட்டிருக்கீங்களா? விரல் பட்ட உடனே இலை எல்லாம் மடமடன்னு மடங்கிக்கும். இப்ப கொஞ்சம் யோசிங்க, அந்த செடிக்கு எலும்பு கிடையாது, தசை கிடையாது, நரம்பும் கிடையாது. அப்புறம் அத மடக்குனது யாரு? பதில் கடைசியில வரும். ஓட்டி விட்டு நேரா கடைசிக்குப் போயிடாதீங்க, நடுவுல இருக்கற ட்யூப் கதை புரிஞ்சாதான் அது புரியும்.

முதல்ல வரலாற முடிச்சுடலாம். 1665ல ராபர்ட் ஹூக் கார்க்க மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தாரு, குட்டி குட்டி ரூம் மாதிரி தெரிஞ்சுது, செல்னு பேர் வச்சுட்டாரு. உண்மையில அவர் பாத்தது செத்துப்போன செல்லோட வெறும் சுவரத்தான், ஆளு காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி. அவ்ளோதான் வரலாறு.

அடுத்து, ரெண்டு செல்லுக்கும் பொதுவா என்ன இருக்கு? வெளிய மெல்லிசா ஒரு செல் சவ்வு, எது உள்ள வரலாம் எது வெளிய போகலாம்னு பாத்துக்கறது இதுதான். உள்ள கொழகொழன்னு சைட்டோபிளாசம். அதுக்குள்ள நியூக்ளியஸ், புக்குல உட்கருன்னு போட்டிருப்பாங்க, டிஎன்ஏ இருக்கற இடம். உங்க உடம்புல ஒரே ஒரு செல்லுல இருக்கற டிஎன்ஏவ இழுத்து நீட்டுனா ஏறக்குறைய 2 மீட்டர் வரும், அத்தனையும் கண்ணுக்கே தெரியாத ஒரு உருண்டைக்குள்ள மடிச்சு வச்சிருக்கு. நமக்கு ஒரு இயர்ஃபோன் வயர சிக்கு விழாம பாக்கெட்ல வைக்கத் தெரியல!

அப்புறம் மைட்டோகாண்ட்ரியா. இங்கதான் நிறைய பேர் மார்க்க கோட்ட விடுறாங்க. "செடிக்குத்தான் பசுங்கணிகம் இருக்கே, அதுக்கு எதுக்கு மைட்டோகாண்ட்ரியா?"ன்னு நினைச்சுக்கறாங்க. தப்பு. பசுங்கணிகம் வெளிச்சத்த வச்சு சர்க்கரைய தயார் பண்ணும், அந்த சர்க்கரையில இருந்து செல்லுக்குத் தேவையான சக்திய எடுக்க மைட்டோகாண்ட்ரியா வேணும். மண்ணுக்குள்ள இருக்கற வேருக்கு வெளிச்சமே படாது, அங்க பசுங்கணிகம் வேலைக்கே ஆகாது, ஆனா வேர் செல்லும் உயிரோட இருக்கணும்ல? அதனால மைட்டோகாண்ட்ரியா ரெண்டு பேருக்கும் உண்டு. இன்னொன்னு, வெங்காயத் தோல் செல் வரைஞ்சுட்டு உள்ள பச்சை பச்சையா புள்ளி வைக்கறீங்க பாருங்க, அதுல பசுங்கணிகமே இல்ல மக்களே, பச்சை கலர் பென்சில கீழ வைங்க.

சரி, இப்ப மெயின் மேட்டர். தாவர செல்லுல மட்டும் எக்ஸ்ட்ராவா இருக்கறது செல்லுலோஸ்ல ஆன செல் சுவர், பசுங்கணிகம், நடுவுல பெருசா ஒரு வேக்குவோல், அதாவது தண்ணி நிறைஞ்ச ஒரு பை. இந்த வேக்குவோலுக்கு புக்குல ஒரே வரிதான், "நீரைச் சேமிக்கிறது". அத படிக்கும்போதெல்லாம் எனக்கு கோவமா வரும். நல்லா வளந்த தாவர செல்லுல 90 சதவீத இடம் வரைக்கும் இது பிடிச்சுக்கும், நியூக்ளியஸே ஓரமா ஒதுங்கித்தான் உக்காரணும், அவ்ளோ பெரிய ஆளுக்கு ஒரு வரியா?

சைக்கிள் டயர நினைச்சுக்கோங்க. உள்ள ட்யூப், வெளிய டயர். ட்யூப்தான் செல் சவ்வு, டயர்தான் செல் சுவர், காத்துக்குப் பதிலா இங்க தண்ணி. வேக்குவோலுக்குள்ள உப்பு, சர்க்கரை எல்லாம் கரைஞ்சு இருக்கறதால அது வெளிய இருக்கற தண்ணிய உள்ள இழுக்கும், இழுக்க இழுக்க செல் உப்பி சவ்வு போய் சுவர்ல முட்டும், சுவர் விட்டுக் கொடுக்காது, செல் கிண்ணுனு ஆயிடும். இப்படி லட்சக்கணக்கான டயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விறைப்பா நின்னா, அதுதான் நிமிர்ந்து நிக்கற இளந்தண்டு. பல செடிகள்ல இந்த அழுத்தம் கார் டயருக்குள்ள இருக்கறத விட அதிகம், சாதாரண ஒரு இலைக்குள்ள! தண்ணி ஊத்தலன்னா செடி வாடுதே, டயர் அப்படியேதான் இருக்கு, ட்யூப்ல காத்து இறங்கிடுச்சு. ஊத்துனா திரும்ப எழுந்துக்கும். மரம் மட்டும் கொஞ்சம் வேற கேஸ், அதோட கட்டையில செல் சுவரே தடிச்சு லிக்னின்ங்கற கெட்டியான பொருள் ஏறி இறுகிப் போயிருக்கும், அதனாலதான் வெயில்ல இலை தொங்கினாலும் மரம் சாயறதில்ல.

இப்ப டயர் இல்லாம வெறும் ட்யூபுக்கு காத்து அடிச்சா என்ன ஆகும்? ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு டமார். நம்ம செல் அதுதான். ரத்த சிவப்பணுவ வெறும் தண்ணியில போட்டா ஊதி ஊதி வெடிச்சுடும். ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தும்போது வெறும் தண்ணிய ஏத்தாம 0.9 சதவீதம் உப்பு கலந்த சலைன ஏத்தறது இதுக்குத்தான்.

"அப்ப நமக்கும் ஒரு சுவர் இருந்திருக்கலாமே"ன்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: இருந்திருந்தா நம்ம வெள்ளையணு நெளிஞ்சு போய் கிருமிய முழுங்க முடியாது, தசை செல் சுருங்க முடியாது. எனக்கு ஓட, குதிக்க, சாய்ஞ்சு படுக்கன்னு எல்லாம் வேணும், நான் ட்யூபாவே இருந்துக்கறேன்.

இப்ப தொட்டாச்சிணுங்கி. ஒவ்வொரு இலையோட அடியிலயும் லேசா வீங்குன மாதிரி ஒரு மூட்டு இருக்கும். தொட்டதும் ஒரு மின் சிக்னல் அங்க போகும், ஆமா, நரம்பே இல்லாமதான். உடனே அந்த மூட்டோட ஒரு பக்கத்து செல்கள் மட்டும் தண்ணிய வெளிய விட்டுடும். ஒரு பக்கம் டயர் இறங்குனா வண்டி சாயுமா இல்லையா? அதேதான். கொஞ்ச நேரத்துல தண்ணி திரும்ப உள்ள வந்ததும் இலை விரிஞ்சுக்கும்.

ஸ்கூல் லேப்ல மைக்ராஸ்கோப் கிடைச்சா சிவப்பு வெங்காயத்தோட கலர் தோல உரிச்சு, அது மேல உப்புத்தண்ணி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, கலர் வேக்குவோலுக்குள்ளயே இருக்கறதால அது சுருங்கி சுவர விட்டு விலகறது பளிச்சுனு தெரியும். டயருக்குள்ள ட்யூப் சூம்பிப் போறத நேர்ல பாக்கலாம். அப்புறம் நல்ல தண்ணிய விட்டா என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன், பாத்துட்டு கமெண்ட்ல நீங்க சொல்லுங்க.