தங்கமீனின் கண்ணும் நடுமூளையும்

நேயர்களுக்கு வணக்கம். கோயில் குளத்தில் பொரி தூவியவர்கள் பார்த்திருப்பீர்கள்: பொரி விழுந்த பக்கம் மீன்கள் திரண்டு வரும், நீரின்மேல் கைநிழல் சட்டென்று படர்ந்தால் அதே மீன்கள் சிதறி ஓடும். கண்ணில் பட்டது எந்தத் திசையில் உள்ளது, அதை நோக்கிப் போவதா விலகுவதா என்று தீர்மானிப்பதில் மீனின் நடுமூளைக் கூரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வாளர்கள் அதனை டெக்டம் என்பர். இலத்தீனில் அச்சொல்லுக்குக் கூரை என்றே பொருள்.

மீனின் வலக்கண் நரம்பு இடப்பக்கக் கூரைக்கும், இடக்கண் நரம்பு வலப்பக்கக் கூரைக்கும் செல்கின்றன. விழித்திரையில் அடுத்தடுத்து இருக்கும் செல்கள் கூரையிலும் அடுத்தடுத்தே தம் இழைகளைச் சேர்ப்பதால், மீன் காணும் உலகம் அங்கே ஒரு நிலப்படமாக விரிகிறது. அத்தனை ஆயிரம் இழைகளில் ஒவ்வொன்றும் தன் இடத்தை எப்படிக் கண்டுகொள்கிறது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விட்டு அகலவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி 1940களில் தவளையின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். மேலே பூச்சி வந்தால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தவறினாலும் அது திருந்தவேயில்லை. இழைகள் சேரும் இடத்தைப் பழக்கம் மாற்றவில்லை என்று பொருள். பின்னர் டொமெனிகா அட்டார்டியும் அவரும் தங்கமீனை எடுத்துக்கொண்டனர். மனிதருக்கு அறுபட்ட பார்வை நரம்பு மீண்டும் வளராது, தங்கமீனுக்கு வளரும். அவர்கள் நரம்பை அறுத்ததோடு விழித்திரையின் ஒரு பாதியையும் நீக்கிவிட்டுக் காத்திருந்தனர். மூக்குப் பக்கத்துப் பாதி மட்டும் எஞ்சிய மீனில், வளர்ந்து வந்த இழைகள் கூரையின் முன்பகுதி முழுவதும் காலியாகக் கிடந்தும் அங்கே தங்காமல் அதைக் கடந்து, பின்பகுதியில் தமக்குரிய இடத்தையே அடைந்தன. மீண்டும் சொல்கிறேன், காலியிடம் வழியிலேயே இருந்தது. இழைகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இழைக்கும் இடத்துக்கும் வேதியியல் அடையாளங்கள் உண்டு என்று 1963இல் ஸ்பெர்ரி எழுதினார். எஃப்ரின் என்னும் புரதங்கள் அப்படிப்பட்ட அடையாளங்கள் என்பது 1990களில் தெரியவந்தது. மல்லிகைப் பந்தலை நெருங்க நெருங்க மணம் கூடுவதுபோல, கூரையின் பின்பக்கம் போகப் போக அவற்றின் செறிவு கூடுகிறது.

ஆயினும் அந்த அடையாளம் கல்லில் வெட்டிய முகவரி அன்று. மாதக்கணக்கில் காத்திருந்தால், எஞ்சிய பாதி விழித்திரையின் இழைகள் மெல்லப் பரவிக் கூரை முழுவதையும் நிரப்பிக்கொள்கின்றன. எனக்கு இதைவிட வியப்பூட்டுவது, யாரும் கத்தி வைக்காத மீனில் அன்றாடம் நடப்பது. தங்கமீன் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. விழித்திரை மரத்தின் ஆண்டு வளையம்போல் விளிம்பைச் சுற்றிலும் புதிய செல்களைச் சேர்க்கிறது. கூரையோ பெரும்பாலும் பின்விளிம்பில் பிறை வடிவில் வளர்கிறது. இரண்டும் வெவ்வேறு வடிவில் வளர்வதால், நிலப்படம் சிதையாதிருக்க, பழைய இழைகள் தம் பிடியை விட்டுப் பின்னோக்கி நகர்ந்து புதிய இடத்தைப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பார்வை ஒரு நாளும் நிற்காமலே இத்தனையும் நடக்கிறது.

கங்கைச் சமவெளி நீர்நிலைகளில் வாழும் ஜீப்ரா மீனைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அதன் குஞ்சின் உடல் கண்ணாடிபோலத் தெளிவானது. பாரமீசியம் என்னும் நீந்தும் ஒருசெல் உயிரியைக் குஞ்சு காணும்போது, குஞ்சின் நடுமூளைக் கூரையில், செயல்படும் நரம்புச் செல்களைக் காட்டும் ஒளிப்புள்ளி இரையோடு சேர்ந்து நகர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் படம்பிடித்துக் காட்டினர். வணக்கம்.