கானும் மென்சவ்வும்

(ஹற்றனில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பிள்ளைகளே,

கரண்ட் என்றால் நமக்கு லக்சபானாதான். அங்கே தண்ணீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. எரிபொருள் கலத்தில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து தண்ணீராகின்றன, மின்சாரம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மென்சவ்வு நிற்கிறது, தடிப்பு 0.2 மில்லிமீற்றர்கூட வராது. ஐதரசன் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரியும்; மென்சவ்வு புரோத்தனை மட்டும் உள்ளே விடும். மறிக்கப்பட்ட இலத்திரன் வயர் வழியாகச் சுற்றிப் போகிறதே, அதுதான் நம் கரண்ட்.

சரி, காய்ந்த தாள் மாதிரி இருக்கும் இதற்குள் புரோத்தன் எப்படிப் போகிறது? 1960களில் டூபொன்ட் கம்பனியில் உருவான நஃபியோன் என்ற மென்சவ்வைப் பார்ப்போம். அதன் முதுகெலும்பு, ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லோன் மாதிரி, தண்ணீரை அண்டவிடாது. அதிலிருந்து தொங்கும் கிளைகளின் நுனியில் சல்போனிக் அமிலம். அதற்கோ தண்ணீர் என்றால் உயிர். ஒரே வீட்டில் இப்படி இரண்டு குணம்! ஈரம் பட்டதும் அமில நுனிகள் ஒன்றுகூடி, சில நனோமீற்றர் அகலத்தில் நீர்க்கான்கள், அதாவது தண்ணீர் ஓடும் சிறு வாய்க்கால்கள், உண்டாகின்றன.

தோட்டத்தில் கான் வெட்டிய கைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை கான் இருந்தாலும், நடுவில் மண் சரிந்து அடைத்தால் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. இங்கேயும் கான்கள் ஒன்றோடொன்று தொடுத்திருந்தால்தான் புரோத்தன் ஓடும். "அமிலத்தைக் கூட்டினால் கடத்துதிறனும் கூடும்தானே?" என்று வகுப்பில் கேட்பார்கள். கொஞ்சத்துக்குக் கூடும். அப்புறம் மென்சவ்வு தண்ணீரைக் குடித்து உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும்.

கானுக்குள்ளும் புரோத்தன் முழுத் தூரம் நீந்துவதில்லை. லொறிக்குக் கொழுந்து மூட்டை ஏற்றும்போது ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மூட்டை கைமாறிப் போகும். அதுபோல ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவும். குரோத்தஸ் என்பவர் 1806இலேயே இந்தக் கைமாற்றை யோசித்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நன்றாக நனைந்த நஃபியோன், 80 பாகை செல்சியஸில் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.1 சீமன்ஸ் (கடத்தலை அளக்கும் அலகு) கடத்தும். காய்ந்தால் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் பல கலங்களில் வாயுவையே ஈரமாக்கி அனுப்புகிறார்கள்.

ஒரு துண்டு கொண்டுவந்திருக்கிறேன். மகள், உள்ளங்கையை நீட்டுங்கள். பார்த்தீர்களா, ஓரம் சுருளுகிறது? உங்கள் கை வியர்வையை ஒரு பக்கம் மட்டும் குடிக்கிறது.