வைடா, நான் பாத்துக்கறேன்

(வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். படித்து முடித்து வந்தவர்களும் வரப்போகிறவர்களும் ஒரு பக்கம், அவர்களைப் பெற்றவர்கள் இன்னொரு பக்கம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேச்சு.

காந்தியிலிருந்து தொடங்குகிறேன். மகாத்மாவை விடுங்கள், 21 வயது இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1891 ஜூன் 10ஆம் தேதி லண்டனில் பாரிஸ்டர் ஆகிறார். 11ஆம் தேதி உயர் நீதிமன்றத்தில் பதிவு. 12ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். பம்பாயில் சிறு வழக்குகளுக்கான ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, 30 ரூபாய் ஃபீஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தியச் சட்டமே அவருக்கு அப்போது சரியாகத் தெரியாது. அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: தினம் ஒரு மணி நேரம், மாதம் 75 ரூபாய். விண்ணப்பித்தார். பி.ஏ. இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷனை லத்தீனோடு தேறியவர் என்பது அங்கே எடுபடவில்லை. வெளிநாட்டுப் படிப்பு இங்குள்ள படிப்புக்கு இணை என்ற சான்றுக்காக இன்றைக்கு நாம் ‘ஈக்விவலன்ஸ்’ என்று அலைகிறோமே, அதேதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கோர்ட்டுக்குத் தினமும் 45 நிமிடம் நடந்தே போனார். வண்டிக் காசை மிச்சம் பிடித்து நடப்பதும், காலணாவுக்கும் கணக்கு எழுதுவதும் லண்டனில் பழகிக்கொண்டவை. பட்டம் தடுமாறிய அதே பம்பாயில் அந்தப் பழக்கம் தடுமாறவில்லை. இன்று நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இதுதான்.

இன்னொருவர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் திரும்புகிறார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்ததால் பத்தாண்டு அங்கே பணி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வாசலுக்கு வந்து நின்றது. இத்தனை ஆண்டுகள் வெளியே இருந்ததில் தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே மனத்திலிருந்து போய்விட்டிருந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். வந்தவர் மாறியிருந்தார், ஊர் மாறவில்லை. ‘திரும்பி வந்தா கொஞ்ச நாள்ல பழகிடும்’ என்று சொல்வோருக்கு நான் சொல்வது: சிலதுக்குப் பழகவே கூடாது.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

முதலில் மதிப்பெண். பிரிட்டனில் முதுகலைக்கு 70க்கு மேல் டிஸ்டிங்ஷன், 60களில் மெரிட், 50 பாஸ். அங்கே 66 வாங்கியவர் நல்ல மாணவர். இங்கே ஹெச்ஆர் கண்ணுக்கு 66 என்பது சுமார் ரகம். ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. படிவத்தில் சிஜிபிஏ என்ற கட்டத்தில் 1.7 என்று மட்டும் போட்டால் கம்ப்யூட்டரே தூக்கி எறிந்துவிடும். நீங்களாகச் சதவீதமாக மாற்றி எழுதாதீர்கள். சரிபார்ப்பில் பொய் சொன்ன கணக்காகிவிடும். எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘1.0 உயர்ந்தது, 4.0 தேர்ச்சி எல்லை’ என்று எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு அளவுகோல் பக்கத்தையும் இணையுங்கள்.

ஈக்விவலன்ஸ் எல்லோருக்கும் தேவையில்லை. தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, பிஎச்.டி. என்றால் கேட்பார்கள். 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நிறுவனம் நடத்தும் ஃப்ராஞ்சைஸ் முறைப் படிப்புக்கு அதில் அங்கீகாரம் கிடையாது. பிரிட்டனின் ஓராண்டு முதுகலை செல்லுமா என்ற பழைய பயத்துக்குப் பதிலாக, அதை அங்கீகரிக்க 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. மருத்துவம் தனி உலகம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கென்று எஃப்எம்ஜிஇ என்ற தேர்வு, அதில் 300 கேள்விக்கு 150 எடுத்தாக வேண்டும்.

பலர் சறுக்குவது கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில்தான். பிரியாவிடை விருந்துக்கு நேரம் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்குப் போக நேரமில்லை. முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மதிப்பெண் பட்டியல், மூன்று நான்கு பிரதிகள் வாங்குங்கள். உறையைப் பிரித்தால் அது செல்லாது. வீட்டுக்கு வந்ததும் ஆசையாகப் பிரித்துப் பார்க்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள், கவனம். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்துவையுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் கொஞ்ச நாளில் மூடப்படும். சான்றிதழ் அசல்தான் என்று அரசு உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை தேவைப்பட்டால், சான்றிதழ் கொடுத்த நாட்டில்தான் போட முடியும். ஊருக்கு வந்த பிறகு தெரிந்தால் கூரியரும் ஏஜென்டுமாகச் செலவு.

அந்த ஊர் வங்கிக் கணக்கை, ரூம் டெபாசிட்டும் வருமான வரி ரீஃபண்டும் வந்து சேரும்வரை மூடாதீர்கள். ஓடிபி அந்த ஊர் எண்ணுக்கு வரும்; சிம்மைத் தூக்கிப் போட்டால் கணக்கும் போன மாதிரிதான். பிரிட்டனில் பகுதிநேர வேலை பார்த்தவர்கள், நாட்டை விட்டுக் கிளம்புவதை வரித் துறைக்குச் சொல்லும் பி85 படிவம் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் ‘சூப்பர்’ எனப்படும் ஓய்வூதிய நிதிப் பணத்தை, நாட்டை விட்டு வந்து விசா முடிந்த பின் கேட்டு வாங்கலாம், பொதுவாக 35 சதவீதம் வரி போக.

கணக்கைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. ஜனவரியில் வந்து மார்ச் 31க்குள் 60 நாள் ஆகிவிட்டாலே, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இந்தியாவில் இருந்தவர் வரிச் சட்டப்படி ரெசிடென்ட், அதாவது இந்தியாவில் வசிப்பவர். இரண்டு வருடம் மட்டும் படித்தவர் பெரும்பாலும் முழு ரெசிடென்ட் ஆகிவிடுவார். அப்படியானால் 200 பவுண்டு கிடக்கும் கணக்கையும் ஐடிஆரில், அதாவது வருமான வரிக் கணக்குப் படிவத்தில், வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏவில் காட்ட வேண்டும். எளிதான ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது. காட்டாவிட்டால் பத்து லட்ச ரூபாய் அபராதம் உண்டு; வெளிநாட்டுச் சொத்து வீடு, நிலம் நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் 2024 அக்டோபர் முதல் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

கடன். இதைப் போர்டில் எழுதியே காட்டுகிறேன். 30 லட்சம், 10.5 சதவீதம், 15 ஆண்டு: மாதம் சுமார் 33,000. படிப்பு இரண்டு வருடம், தவணை கட்டத் தேவையில்லாத மாரட்டோரியம் ஒரு வருடம், ஆக மூன்று வருடம் வட்டி கட்டாமல் விட்டால் தனிவட்டியே 9,45,000. அது அசலில் சேர்ந்தால் இஎம்ஐ 43,600. வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல், 180 மாதத்துக்கு. பணம் மொத்தமாக இல்லாமல் தவணையாக வெளியாவதால் உண்மையில் வட்டி இதைவிடக் கொஞ்சம் குறையும். இருந்தாலும் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வந்த குடும்பத்துக்கும் கட்டாத குடும்பத்துக்கும், பிள்ளை திரும்பி வந்தபின் பேச்சின் தொனியே வேறு.

இனி மனசு. 1955இல் லைஸ்கார்ட் என்பவர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, அயல்நாட்டில் மனநிலை முதலில் உயர்ந்து, நடுவில் சரிந்து, பிறகு மேலேறுகிறது என்றார். 1963இல் கல்லஹார்ன் தம்பதி, ஊர் திரும்பிய பின் அதே சரிவு இன்னொரு முறை வருகிறது என்றார்கள். வரைந்தால் ஆங்கில டபிள்யூ எழுத்து. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஆதாரம் பலமில்லை என்கிறார்கள். நானும் வளைவை வேதமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் அங்கே சரியும் என்று எதிர்பார்த்துப் போகிறோம். இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு கனத்தால் ‘என்னடா ஆச்சு உனக்கு’ என்றுதான் கேட்பார்கள்.

சரிவு எங்கே தொடங்குகிறது தெரியுமா? சிங்க்கில். இரவுச் சாப்பாடு முடிகிறது. பையன் தட்டை எடுத்துக்கொண்டு போகிறான். குழாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலேயே வந்து, ‘வைடா, நான் பாத்துக்கறேன்’ என்று தட்டைப் பிடுங்குகிறார். பாசம்தான். ஆனால் இரண்டு வருடம் சமைத்து, கழுவி, வாடகை கட்டி, டாக்டரிடம் தானே நேரம் வாங்கிய ஆள் அந்த ஒரு நொடியில் பிளஸ் டூ பையனாகிவிடுகிறான். பத்து நாளில் அவனுக்கே அது சௌகரியமாகிவிடும், அதுதான் நஷ்டம். மகளிடம் தட்டை யாரும் பிடுங்குவதில்லை; கூட நான்கு தட்டு வரும். அவளிடம் பிடுங்கப்படுவது வண்டிச் சாவி. ‘எட்டு மணிக்கு மேல எங்க போற?’

வளர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி, அந்த ஊர் நம்மைச் செய்ய வைத்தது. ஊர் போனால் அதுவும் போகும். அதனால் விமானம் ஏறும் முன், வாரா வாரம் அங்கே தனியாகச் செய்த வேலைகளை எழுதுங்கள். பத்து வரும். வீட்டில் தொடர மூன்றை மட்டும் எடுங்கள். பத்தையும் பிடித்துக்கொண்டால் சண்டைதான். வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பழைய ஏற்பாடு இறுகிவிடும், அப்புறம் கேட்பது புகாராகத்தான் காதில் விழும்.

‘அங்கெல்லாம்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள், அலுவலகத்தில் குறிப்பாக. அங்கெல்லாம் மீட்டிங் நேரத்துக்குத் தொடங்கும் என்று சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார். முந்தின நாள் நிகழ்ச்சி நிரலை அனுப்பிவிட்டு நேரத்துக்குப் போய் உட்காருங்கள். எங்கே கற்றது என்று அவரே கேட்பார்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். முதல் மாதம் தட்டைக் கழுவ விடுங்கள், சாவியைக் கொடுங்கள், கரண்ட் பில்லையும் கேஸ் புக்கிங்கையும் அவர்கள் தலையில் கட்டுங்கள்.

கேள்விச் சீட்டுகள் நிறைய வந்திருக்கின்றன, பாதிக்கு மேல் கடன் பற்றி. மாரட்டோரியம் காலத்தில் வட்டி கட்டாமல் இருப்பவர்கள் கை தூக்குங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.