'வியர்ட் அல்' பாடாத பாட்டுகளும் கேட்காத அனுமதிகளும்: ரசிகர்கள் நம்பும் தப்பான கதைகள்

[திரையில்: பழைய கணினித் திரை, பாட்டு மெதுவாக இறங்குகிறது]

வணக்கம். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நாப்ஸ்டர், கஸா மாதிரியான மென்பொருள்களில் பாட்டு இறக்கியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். எந்தச் சிரிப்புப் பாட்டைத் தேடினாலும் பாடியவர் பெயர் ஒன்றுதான்: 'வியர்ட் அல்' யாங்கோவிக். பிரபலமான பாட்டுகளின் மெட்டில் சிரிப்பு வரிகளைப் போட்டுப் பாடும் அமெரிக்கப் பகடிப் பாடகர். அவற்றில் ஏகப்பட்டவை அவர் பாடியதே இல்லை.

எப்படி நடந்தது? கோப்புக்குப் பெயர் வைக்கிறவருக்குப் பாடியவர் யாரென்று தெரியாது. தனக்குத் தெரிந்த ஒரே பகடிப் பாடகரின் பெயரைப் போட்டுவிடுவார். இறக்கியவர்கள் அதை அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். 'ஸ்டார் வார்ஸ் கன்டினா' பாட்டு இப்படித்தான் அல் கணக்கில் ஏறியது. பாடியவர் மார்க் ஜோனதன் டேவிஸ். ஸ்டார் வார்ஸை வைத்து அல்லும் 1985-லும் 1999-லும் பாட்டு போட்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இதைச் சின்னக் குழப்பம் என்று என்னால் விட முடியவில்லை. ஆபாசமும் வசவும் நிறைந்த பாட்டுகளும் அவர் பெயரில்தான் சுற்றின. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்பதுதான் அவர் பாட்டுக்குக் கிடைத்த பெரிய மரியாதை. பிள்ளைக்கு ஆல்பம் வாங்க நினைக்கும் ஒரு அம்மா, அவர் பெயர் போட்ட ஆபாசப் பாட்டைக் கேட்டால் என்ன நினைப்பார்? யாரோ செய்ததற்கு இவருக்குக் கெட்ட பெயர். அவரே இதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

[திரையில்: அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடம்]

அடுத்தது, "அடுத்தவன் மெட்டைத் திருடிப் பிழைக்கிறார்" என்ற பேச்சு. 1994-இல் '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழுவின் வழக்கில், பகடிக்கும் நியாயமான பயன்பாடு என்ற பாதுகாப்பு, அதாவது அனுமதி இல்லாமலே பயன்படுத்தும் உரிமை, உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அல் அனுமதி கேட்காமல் பகடி செய்வதில்லை. மூலப் பாட்டை எழுதியவருக்கும் பணத்தில் பங்கு போகிறது. பாப் பாடகர் பிரின்ஸ் கடைசிவரை சம்மதிக்கவில்லை; அவர் பாட்டைப் பகடி செய்து ஆல்பத்தில் சேர்க்கவும் இல்லை.

அப்படியானால் ராப் பாடகர் கூலியோவோடு வந்த சண்டை? 1996-இல் அவருடைய 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' பாட்டின் பகடியாக அல்லின் 'ஆமிஷ் பாரடைஸ்' வந்ததும், தான் அனுமதியே தரவில்லை என்று கூலியோ கோபப்பட்டார். அவர் சம்மதித்துவிட்டதாகத்தான் அல்லுக்குத் தகவல் வந்திருந்தது. நடுவில் இருந்தவர்களால் வந்த வினை. அல் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதிலிருந்து, கூடுமானவரை பாடகரிடமே நேரடியாகக் கேட்டுவிடுகிறார். இத்தனைக்கும் கூலியோவின் பாட்டே ஸ்டீவி வொண்டரின் 1976-ஆம் வருடப் பாட்டின் மேல் கட்டியதுதான். பின்னால் கூலியோவும் தன் கோபம் தப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் சண்டை பரவிய வேகத்தில் சமாதானம் பரவவில்லை. இன்றும் பலருக்கு முதல் பாதிக் கதைதான் தெரியும்.

நேரடியாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992 நல்ல உதாரணம். நிர்வானா என்ற ராக் குழு 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வந்திருந்தபோது, அங்கே நடித்துக்கொண்டிருந்த தோழி விக்டோரியா ஜாக்சன் மூலம் குழுவின் பாடகர் கர்ட் கோபேனைத் தொலைபேசியில் பிடித்தார் அல். பாட்டு சாப்பாட்டைப் பற்றியதா என்று கோபேன் கேட்டார். இல்லை, நீங்கள் பாடுவது ஒருவருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றி என்றார் அல். கோபேன் உடனே சம்மதித்துவிட்டார்.

[திரையில்: இரண்டு வீடியோக்களும் பக்கத்தில் பக்கத்தில்]

"வார்த்தையை மட்டும்தானே மாற்றுகிறார்?" என்று கேட்பவர்கள், அப்படி வந்த 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா' பகடியின் வீடியோவைப் பாருங்கள். கூடத்தைத் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளியாக நிர்வானா வீடியோவில் வந்த அதே நடிகர்தான் இதிலும் வருகிறார். கிட்டார் தனியாக ஒலிக்க வேண்டிய இடத்தில் அல் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கிறார், அதே மெட்டில்! இசைக்கு, மூலப் பாட்டின் டிராக்கை எடுத்து ஓடவிடுவது கிடையாது. டிரம்ஸில் ஜான் ஷ்வார்ட்ஸ், கிட்டாரில் ஜிம் வெஸ்ட், பேஸில் ஸ்டீவ் ஜே. எண்பதுகளிலிருந்து கூடவே இருக்கும் இவர்கள் ஒவ்வொரு ஒலியையும் காதால் கேட்டு மறுபடி உருவாக்குகிறார்கள். ஒரே ஆல்பத்தில் ராப், ராக், ஐரோப்பிய நடன இசையான போல்கா எல்லாம் வாசிக்க வேண்டும். இவர்களுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

போல்கா என்றதும் இன்னொன்று. அக்கார்டியன் வாசித்த போல்கா மன்னர் ஃப்ராங்கி யாங்கோவிக் இவருக்குச் சொந்தம் என்று நினைப்பார்கள். பெயர்தான் ஒன்று, உறவு எதுவும் இல்லை.

[திரையில்: சின்ன அரங்கம், நாற்காலியில் உட்கார்ந்து பாடும் குழு]

சரி, தீவிர ரசிகர்கள் எதற்காக இவரைக் கொண்டாடுகிறார்கள்? பகடிக்காக மட்டும் இல்லை. அவருடைய ஆல்பங்களில் ஏறக்குறைய பாதி, சொந்த மெட்டில் சொந்தமாக எழுதிய பாட்டுகள். 2018-இல் வேஷம், பெரிய திரை எதுவும் இல்லாமல் சின்ன அரங்கங்களில் அந்தப் பாட்டுகளைத்தான் பெரும்பாலும் பாடினார். ரசிகர்கள் ஆசையாக வந்து கேட்டார்கள். 2022-இல் அதே மாதிரி இன்னொரு பயணம் போனார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 1999-இல் வந்த 'ஆல்புகர்க்கி'யை முதலில் கேளுங்கள். பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடும், ஆனால் கதை நம்மை விடாது. கேட்டுவிட்டு, எந்த வரியில் சிரித்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.